ஏணியில் எத்தனையாவது படி?

ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிப்படிக்குப் பூச்சியம், உச்சிப்படிக்குப் பத்து. உங்களால் எண்ணிப்பார்க்க முடிகிற மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில் இருக்கிறது. மிக மோசமான வாழ்க்கை அடியில் கிடக்கிறது. இன்றைக்கு நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

அமெரிக்கச் சமூக உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் இந்தக் கேள்வியை 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு எடுத்துச் சென்றார். முடிவுகள் 1965இல் நூலாக வந்தன. அமெரிக்கர்களின் சராசரி 6.6. புரட்சி முடிந்த சூட்டோடு இருந்த கியூபாவின் நகரவாசிகள் 6.4 என்றார்கள். எகிப்து 5.5. போரின் இடிபாடுகளிலிருந்து எழுந்து பொருளாதார அதிசயம் என்று உலகம் வியந்துகொண்டிருந்த மேற்கு ஜெர்மனி அதற்கும் கீழே, 5.3. 1962இல் கேட்கப்பட்ட இந்தியர்கள் 3.7இல் நின்றார்கள். எல்லோருக்கும் அடியில் டொமினிக்கன் குடியரசு, 1.6. சர்வாதிகாரி ட்ருஹீயோ 1961இல் கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டின் கொந்தளிப்பில் எடுக்கப்பட்ட கணக்கு அது.

1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளியலாளர் இதே எண்களை எடுத்துவைத்து, செல்வம் கூடினால் மகிழ்ச்சி கூடுமா என்ற புகழ்பெற்ற விவாதத்தைத் தொடங்கிவைத்தார். இன்றும் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வரும் 'உலக மகிழ்ச்சி அறிக்கை' அடித்தளமாகக் கொண்டிருப்பது கான்ட்ரிலின் ஏணியைத்தான். அந்த அறிக்கை 2012இல் முதன்முதலாக வெளிவந்தது. இந்தியா எந்த இடத்தில் இருக்கிறது, பாகிஸ்தான் நமக்கு மேலா கீழா என்று நாம் ஒருநாள் முழுக்க வாதிடுவதற்கு வேண்டிய பண்டத்தை அது தவறாமல் தந்துவிடுகிறது.

வாதிடுபவர்கள் அநேகமாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எகிப்தியர் ஒருவர் காட்டிய ஐந்தாம் படியும் ஜெர்மானியர் ஒருவர் காட்டிய ஐந்தாம் படியும் ஒரே உயரத்தில் இருந்தனவா? தராசில் ஒரு கிலோ கெய்ரோவிலும் ஒரு கிலோதான், பெர்லினிலும் ஒரு கிலோதான். மனத்தின் படிக்கட்டுக்கு அப்படியொரு முத்திரை வைத்த எடைக்கல் கிடையாது. இந்தச் சிக்கல் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, அதனோடு எப்படியெல்லாம் மல்லுக்கட்டினார்கள் என்பது இருபதாம் நூற்றாண்டுச் சமூக அறிவியலின் சுவையான வரலாறுகளுள் ஒன்று. சுவை மட்டுமல்ல, யாரை நோயாளி என்பது, யாரை அதிருப்தியாளர் என்பது, யாருக்கு ஒரு குறையும் இல்லை என்று விட்டுவிடுவது என்ற தீர்ப்புகளும் அதில் அடங்கியிருக்கின்றன.

*

மனிதக் குணத்துக்கு மதிப்பெண் போடும் ஆசை பழையது. ஜெர்மானியச் சட்ட அறிஞர் கிறிஸ்டியன் தொமாசியுஸ் 1690களிலேயே, சிற்றின்ப நாட்டம், பேராசை, புகழாசை, அறிவார்ந்த அன்பு என்று நான்கு குணங்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 60 வரை புள்ளிகள் இட்டு ஆட்களை எடைபோட்டுப் பார்த்தார். ஆனால் மதிப்பிடுபவர் அவர், மதிப்பிடப்படுபவர் வேறொருவர். தனக்குத் தானே புள்ளி போட்டுக்கொள்ளச் சொல்லி ஊர் ஊராகக் காகிதத்தை நீட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது.

மனப்பான்மைகளை அளக்க முடியும் என்று 1928இல் அறைகூவல் போலவே எழுதியவர் சிகாகோவின் லூயி தர்ஸ்டன். அவருடைய முறை கடுமையான உழைப்பைக் கேட்பது. ஒரு பொருளைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்களைச் சேகரிக்கவேண்டும். நடுவர்கள் பலரை உட்காரவைத்து, ஆதரவு மிகுந்ததிலிருந்து எதிர்ப்பு மிகுந்தது வரை பதினொரு குவியல்களாக அவற்றைப் பிரிக்கச் சொல்லவேண்டும். அதன்பிறகே கேள்வித்தாள் பிறக்கும்.

நான்காண்டுகள் கழித்து, 1932இல், கொலம்பியா பல்கலைக்கழகத்து இளம் ஆய்வாளர் ஒருவர் இந்த நடுவர் கூட்டத்தையே கலைத்துவிட்டார். அவர் ரென்சிஸ் லிக்கர்ட். வாக்கியத்தை நேராகப் பதிலளிப்பவரிடமே கொடு. முற்றிலும் ஏற்கிறேன், ஏற்கிறேன், முடிவு செய்யவில்லை, ஏற்கவில்லை, முற்றிலும் ஏற்கவில்லை என்ற ஐந்தில் ஒன்றைத் தொடச் சொல். ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்துக் கூட்டிவிடு. விடை தர்ஸ்டன் முறையில் கிடைப்பதற்குக் குறையாமல் இருந்தது, வேலையோ பலமடங்கு குறைந்தது. இன்று வங்கியிலிருந்து வெளியே வந்ததும் கைபேசியில் வந்து விழும் ஐந்து நட்சத்திரங்கள் வரை இந்த வம்சம் தழைத்திருக்கிறது.

லிக்கர்ட் யாரை வைத்துத் தன் அளவுகோலைச் சோதித்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து. கேட்ட பொருள்கள் சர்வதேசியம், ஏகாதிபத்தியம், கறுப்பினத்தார் மீதான மனப்பான்மை. எதைப் பற்றியும் தனக்கென ஒரு கருத்து இருந்தாகவேண்டும், அதை அந்நியரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், அதற்கு ஓர் அழுத்தம் உண்டு என்று பழகிய கூட்டம் அது. அளவுகோலுக்குள் அந்தப் பழக்கம் யாரும் எழுதிவைக்காமலேயே ஒட்டிக்கொண்டது.

வரலாற்றின் சிறிய குறும்பு ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். லிக்கர்ட் பின்னாளில் அமெரிக்க வேளாண் துறையின் கருத்தாய்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றபோது, விவசாயிகளிடம் ஐந்து கட்டங்களை நீட்டவில்லை. அவர்கள் தங்கள் சொற்களிலேயே பேசட்டும் என்று விட்டு, பேச்சை எழுதிவந்து பிறகு வகைப்படுத்தும் முறையையே வற்புறுத்தினார். போரின் முடிவில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் குண்டுவீச்சு மக்களின் மனஉறுதியை எவ்வளவு குலைத்தது என்று ஆராய்ந்த அமெரிக்கக் குழுவின் பிரிவும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. தோற்ற நாட்டுக் குடிமக்கள் வென்ற படையின் ஆள் முன்னால் அமர்ந்து சொன்ன பதில்கள் அவை. எவ்வளவு உண்மை, எவ்வளவு மரியாதை, எவ்வளவு பயம் என்று பிரித்தெடுக்க எந்தச் சல்லடை போதும்? அவர் பெயரைச் சுமந்து திரிகிற அளவுகோலைவிட இந்தக் கேள்வி அவருக்கு நெருக்கமாக இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

முதல் விரிசல் அமெரிக்காவுக்குள்ளேயே தெரிந்தது. லீ கிரான்பாக் 1940களில், சரி, தவறு என்று குறிக்கும் தேர்வுகளில் விடை தெரியாத மாணவர்கள் பலர் 'சரி' என்ற பக்கமே சாய்வதைக் கண்டார். கேள்வியின் உள்ளடக்கத்தோடு தொடர்பில்லாத இந்தச் சாய்வுகளைத் தனியே ஆராயவேண்டும் என்று 1946இல் விரிவாக எழுதினார்.

அதன் தீவிரம் புரிந்தது அடோர்னோவும் அவருடைய சகாக்களும் 1950இல் வெளியிட்ட 'அதிகார மனப்பான்மை' பற்றிய பெருநூலை ஒட்டி எழுந்த சர்ச்சையில். பாசிசத்துக்கு இடங்கொடுக்கும் மனம் எது என்று கண்டறிய அவர்கள் ஓர் அளவுகோல் செய்திருந்தார்கள். அதிலிருந்த வாக்கியங்கள் அத்தனையும் ஒரே திசையில் எழுதப்பட்டவை. ஒப்புக்கொண்டால் அதிகார மனம், மறுத்தால் சுதந்திர மனம். அப்படியானால் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஓர் ஆமாஞ்சாமி, பாசிசச் சாய்வுள்ளவர் என்று பட்டியலில் ஏறிவிடுவார். படிப்புக் குறைந்தவர்கள் இந்த அளவுகோலில் அதிகப் புள்ளி பெற்றது சர்ச்சையைக் கூர்மையாக்கியது. அவர்கள் உண்மையிலேயே அதிகாரத்தை விரும்பினார்களா, அல்லது பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெரிய மனிதரின் வாக்கியத்தை மறுக்கக் கூசினார்களா? 1960இல் கௌச், கெனிஸ்டன் என்ற இருவர், ஆமென்பவர், இல்லையென்பவர் என்று மனிதர்களை இரு சாதியாகப் பிரித்தே கட்டுரை எழுதினார்கள். 1965இல் லெனர்ட் ரோரர், இதெல்லாம் ஊதிப் பெருக்கிய கட்டுக்கதை என்று மறுத்தார். இந்த வழக்குக்கு இன்றுவரை இறுதித் தீர்ப்பு இல்லை.

அமெரிக்காவுக்குள் படிப்பும் வர்க்கமும் செய்த வேலையை, கேள்வித்தாள் கடல்கடந்தபோது பண்பாடு செய்தது.

அது வந்து இறங்கிய இடங்களுள் ஒன்று சென்னை மாகாணம். அமெரிக்க அரசியல் அறிஞர்களான லாயிட் ருடால்ஃபும் சூசன் ருடால்ஃபும் 1950களின் பிற்பகுதியில் இங்கே வாக்காளர்களிடம் கருத்தாய்வு நடத்தி, அந்தக் கள அனுபவத்தை 1958இல் ஒரு கட்டுரையாக்கினார்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து குத்துமதிப்பாக ஒரு பெயரை எடுத்து, அந்த ஒருவரைத் தனியே அமர்த்தி, அவர் மனத்திலிருப்பதை மட்டும் வாங்கிவரவேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் கிராமத்துத் திண்ணையில் யாரைத் தனியே அமர்த்த முடியும்? வீட்டார் கூடினார்கள், அண்டை அயலார் கூடினார்கள், விவரம் தெரிந்த பெரியவர் இருக்க இந்த ஆளிடம் ஏன் கேட்கவேண்டும் என்ற நியாயமான வியப்பும் கூடியது. கருத்து என்பது தனிமனிதனின் சட்டைப்பைக்குள் இருக்கும் சொந்தப் பொருள் என்ற எண்ணமே ஒரு நாட்டின் பழக்கந்தான் என்பதை அவர்கள் அங்கே கண்டுகொண்டார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைமையுரையில் சூசன் ருடால்ஃப் இந்தச் சென்னை அனுபவத்துக்கே திரும்பி வந்தார். வகைப்பாடுகளின் ஏகாதிபத்தியம் என்று அந்த உரைக்குத் தலைப்பிட்டார்.

1963இல் எமிலி ஜோன்ஸ் தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளில் தென்பட்ட வேறொன்றுக்குப் பெயர் சூட்டினார்: 'உபசாரச் சாய்வு'. வீடு தேடி வந்தவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்லி அனுப்புவது. விருந்தினருக்குக் காப்பி கொடுப்பது போலத்தான் இதுவும். பொய் சொல்லும் நோக்கம் இதில் இல்லை, வந்தவர் முகம் வாடக்கூடாது என்ற அக்கறைதான் இருக்கிறது.

*

இவையெல்லாம் கள அனுபவங்கள். ஆய்வுக்கூட முறையில் நாடுகளை எதிரெதிரே நிறுத்திப் பார்த்த தொடக்கக் கட்டுரைகளுள் முக்கியமானது 1967இல் ஸாக்ஸ், தகாஹாஷி இருவரும் வெளியிட்டது. அமெரிக்க மாணவர்களிடமும் ஜப்பானிய மாணவர்களிடமும் ரோர்ஷாக்கின் மைக்கறைப் படங்களைக் காட்டி அளவுகோலில் மதிப்பிடச் சொன்னார்கள். மைக்கறைக்கு நாடும் இல்லை, கொள்கையும் இல்லை. அப்படியிருந்தும் அமெரிக்கர்கள் ஓரங்களுக்கு ஓடினார்கள், ஜப்பானியர்கள் நடுவில் நின்றார்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் இந்தப் படத்தை விரித்தன. 1995இல் சென், லீ, ஸ்டீவன்சன் ஆகியோர் ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா ஆகிய நான்கு இடங்களின் பள்ளி மாணவர்களை ஒப்பிட்டார்கள். கிழக்காசிய மாணவர்கள் நடுப்புள்ளியை அதிகம் தொட்டார்கள். அமெரிக்கர்கள் மற்ற மூவரையும்விட ஓரத்தை அதிகம் தொட்டார்கள். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலேயே வேறுபாடு இருந்ததைக் கவனிக்கலாம். ஆனால் வேறுபாட்டின் அளவு சிறியது என்றும், நாடுகளை ஒப்பிட்டுக் கிடைத்த முடிவுகளை அது புரட்டிப்போடவில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். இதை மேற்கோள் காட்டுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். ஜப்பானியன் நடுவில் நிற்பான், அமெரிக்கன் உரக்கப் பேசுவான் என்ற கதை வசதியானது. ஆனால் ஐரோப்பாவுக்குள்ளேயே கிரேக்கர்கள் ஓரங்களை விரும்புவதும் வடமேற்கு ஐரோப்பியர்கள் தயங்குவதும் 2004இல் ஆறு நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் தெரியவந்தது. கிழக்கு, மேற்கு என்ற ஒற்றைக் கோடு எதையும் விளக்காது.

காகிதத்தின் வடிவமே பதிலை மாற்றும் என்பதும் தெரிந்தது. 1989இல் ஹுய், ட்ரையாண்டிஸ் இருவரும் அமெரிக்கக் கடற்படையில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையும் மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து புள்ளி அளவுகோலில் முன்னவர்கள் ஓரங்களை அதிகம் தொட்டார்கள். அதே கேள்விகளைப் பத்துப் புள்ளிகளில் கொடுத்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது. ஜெர்மனியில் நோர்பெர்ட் ஷ்வார்ஸும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட சோதனை இன்னும் எளிமையானது. வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி கண்டிருக்கிறீர்கள் என்று பதினொரு புள்ளி அளவுகோலில் கேட்டார்கள். 0 முதல் 10 வரை எண் இட்டபோது 34 சதவீதத்தினர் கீழ்ப்பாதியில் குறித்தார்கள். அதே புள்ளிகளுக்குக் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை என்று எண் மாற்றியதும் அப்படிக் குறித்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. பூச்சியம் என்றால் வெற்றி இல்லை என்று பொருள். கழித்தல் ஐந்து என்றாலோ தோல்வி. யார் தன்னைத் தோற்றவன் என்று எழுதிக்கொடுப்பான்?

மொழியும் இதில் ஒரு கை பார்க்கிறது. ஆன்-வில் ஹார்சிங் 2006இல் 26 நாடுகளின் மாணவர்களிடம் ஒரே கேள்வித்தாளைச் சிலருக்குத் தாய்மொழியிலும் சிலருக்கு ஆங்கிலத்திலும் கொடுத்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஓரங்களைக் குறைவாகவும் நடுவை அதிகமாகவும் தொட்டார்கள். இரவல் மொழியில் எவரும் அடக்கமானவராகிவிடுகிறார் போலும். ஆங்கிலத்தில் நிரப்பப்படும் கருத்துக்கணிப்புகள் மலிந்த நம் நாட்டில் இந்த முடிவு இன்னும் பரவலாகப் பேசப்பட்டிருக்கவேண்டும்.

தாய்மொழியில் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஐந்து புள்ளி அளவுகோலைத் தமிழாக்கிப் பாருங்கள். மிகவும் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி என்று அலுவலகத் தமிழில் எழுதிவிடலாம். ஆனால் எந்தத் தமிழன் அப்படிப் பேசுகிறான்? மருத்துவமனை எப்படி இருந்தது என்றால் 'பரவாயில்லை' என்பான். இழுத்துச் சொன்னால் இரண்டு, வெட்டிச் சொன்னால் மூன்று, புருவத்தை உயர்த்திச் சொன்னால் நான்கு. 'சுமார்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் நடுத்தரம். சொல்பவரின் கருத்து நடுத்தரத்துக்கு நிச்சயமாகக் கீழே. உடம்பு எப்படி என்று கேட்டால், உண்மையிலேயே நன்றாக இருப்பவரும் 'ஏதோ இருக்கேன்' என்றுதான் தொடங்குவார். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். கான்ட்ரிலின் ஏணி இந்த ஊருக்கு வரும்போது திருஷ்டிப் பூசணிக்காயைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறது. 1962இன் 3.7இல் வறுமை எவ்வளவு, நாவடக்கம் எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. இருந்தாலும் வறுமையை நாவடக்கம் என்று சொல்லித் தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய பிழையாகும். உணவுப் பற்றாக்குறையில் தள்ளாடிய நாடு அது. தாழ்ந்த படியைக் காட்டியதில் புதிர் ஒன்றுமில்லை.

*

இதெல்லாம் ஆய்வாளர்களின் சட்டப்பேரவை விவகாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். மருத்துவத்துக்குள் நுழையும்போது அப்படிச் சொல்ல முடிவதில்லை.

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் ஒன்றை லெனோர் ராட்லாஃப் 1977இல் அமெரிக்காவில் வெளியிட்டார். இருபது வாக்கியங்கள், மொத்தப் புள்ளி 60. (தொமாசியுஸின் ஆவி சிரித்திருக்கும்.) 16ஐத் தொட்டால் கவனிக்கப்படவேண்டியவர். இருபதில் பதினாறு வாக்கியங்கள் துயரத்தைப் பற்றியவை. நான்கு மட்டும் நேர்மறையானவை. மகிழ்ச்சியாக இருந்தேன், எதிர்காலத்தில் நம்பிக்கை இருந்தது, மற்றவர்களுக்கு நான் குறைந்தவனல்ல என்ற தொனியில் அமைந்தவை. இவற்றுக்கு இல்லை என்றால் நோய்க் கணக்கில் புள்ளி ஏறும். ஜப்பானில் நொபோரு இவாதாவும் சகாக்களும் 1980களின் இறுதியிலிருந்து இந்தக் கேள்வித்தாளை ஆராய்ந்து, துயரத்தைப் பற்றிய வாக்கியங்களில் ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பதிலளிப்பதைக் கண்டார்கள். வேறுபாடு அந்த நான்கில்தான். மகிழ்ச்சியாக இருந்தேன் என்று அழுத்திச் சொல்ல ஜப்பானியருக்கு வாய் வரவில்லை. தன்னை உயர்த்திப் பேசாதிருப்பது அங்கே வளர்ப்பு. ஆக, வளர்ப்பு நோயாகப் பதிவாகிறது. 16 என்ற எல்லைக்கோட்டை அப்படியே எடுத்துச்சென்று ஜப்பானில் நட்டால், நல்ல பிள்ளைகளாக வளர்ந்த குற்றத்துக்காகச் சிலர் நோயாளிகளின் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும்.

சரி, பதில் பாணியைக் கழித்துவிட்டால் என்ன? ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய ஏறத்தாழ 1,16,000 கேள்வித்தாள்களை வைத்துப் பண்பாடுகளின் வரைபடத்தை உருவாக்கிய ஹீர்ட் ஹாஃப்ஸ்டீட், ஒரு பகுதியில் அதைத்தான் செய்தார். ஒவ்வொரு குழுவும் தன் சொந்தச் சராசரியிலிருந்து எந்தக் கேள்வியில் எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் பழக்கம் இதனால் கழிந்துபோகும். ஆனால் எல்லாவற்றிலும் உண்மையாகவே நிறைவோ குறையோ உள்ளவர்களின் நிறைவும் குறையும் அதோடு சேர்ந்தே கழிந்துவிடும். குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தை போயிற்றா என்று பார்க்க வழியில்லாத ஏற்பாடு.

ஸ்டீவன் ஹைனும் சகாக்களும் 2002இல் சுட்டிய சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கிழக்காசியர்களைவிட வட அமெரிக்கர்கள் தனிமனிதப் போக்குடையவர்கள் என்பதில் துறை அறிஞர்களுக்கு ஐயமே இல்லை. கேள்வித்தாள்களோ அதைத் தெளிவாகக் காட்ட மறுத்தன. காரணம், பதில் சொல்பவர் தன்னை யாரோடு ஒப்பிடுகிறார் என்பது. நான் உயரமானவன் என்று நெதர்லாந்துக்காரர் ஒருவர் தயக்கத்தோடு சொல்வார். அவரைவிட நான்கு விரற்கடை குள்ளமான ஒருவர் வேறொரு நாட்டில் உறுதியாகச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தெருவைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

*

தெருவைப் பார்த்துச் சொல்வது என்றதும் அமர்த்திய சென் திரும்பத் திரும்பக் காட்டிய ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடல்நலத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஆண்களில் 48.5 சதவீதத்தினர் நோயுற்றிருப்பதாகவோ உடம்பு அவ்வளவாகச் சரியில்லை என்றோ சொன்னார்கள். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். 'அவ்வளவாகச் சரியில்லை' என்ற கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆண்கள் 45.6 சதவீதம், பெண்கள் ஒருவர்கூட இல்லை.

1944இன் வங்கக் கிராமத்தில் ஒரு விதவையின் தட்டில் என்ன விழுந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. நோய் என்று வைத்தியர் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். உடம்பு அவ்வளவாகச் சரியில்லை என்பது தானே உணர்ந்து தானே சொல்லவேண்டியது. அந்தச் சொகுசு அவளுக்கு இல்லை. இங்கே வாய்மூடியிருப்பதைப் பதில் பாணி என்றோ பண்பாட்டு வேறுபாடு என்றோ நாகரிகமாகப் பெயரிட எனக்கு மனம் வரவில்லை. இல்லாமையின் கடைசிக் கட்டம் அது. இல்லை என்று சொல்வதும் பறிபோன கட்டம்.

2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் சென் இதையே மாநிலங்களுக்கு நீட்டினார். இந்தியாவில் மிக நீண்ட ஆயுள் கேரளத்தில். நோய் உண்டு என்று மிக அதிகமானோர் சொல்வதும் அங்கேதான். ஆயுளில் பின்தங்கிய பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கர்கள் கேரளத்தாரையும் மிஞ்சினார்கள். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இருக்கும் ஊரில்தான் வலிக்குப் பெயர் கிடைக்கிறது. மக்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்கினால் பீகாரின் பங்கும் கேரளத்துக்கே போகும்.

இதற்கு மாற்றாக வந்த முயற்சிகளுள் மிகவும் பேசப்பட்டது 2004இல் கேரி கிங்கும் சகாக்களும் முன்வைத்தது. உங்கள் படி எது என்று கேட்டதோடு நிறுத்தாதே. எல்லா நாட்டினருக்கும் ஒரே மாதிரியான சில குட்டிக்கதைகளைச் சொல், அவற்றில் வரும் ஆட்களையும் அதே அளவுகோலில் வைக்கச் சொல். கதை ஒன்றே என்பதால் அளவுகோல் எங்கே வளைகிறது என்று தெரிந்துவிடும். அரசாங்கத்தின் முடிவுகளில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில்தான் மெக்சிகோ மக்கள், எழுபதாண்டுகளுக்கும் மேலாக ஆண்ட கட்சியை வாக்குச்சீட்டால் இறக்கியிருந்தார்கள். அப்படியிருந்தும் தங்கள் சொல் அம்பலம் ஏறுவதாகச் சீனர்கள்தான் அதிகம் சொன்னார்கள். குட்டிக்கதைகளைச் சேர்த்துப் பார்த்தபோது படம் தலைகீழானது. எந்தச் செல்வாக்கும் இல்லாமல் மௌனமாகத் துன்பத்தைச் சகித்துக்கொள்ளும் ஒருவரைப் பற்றிய கதை அவற்றுள் ஒன்று. சீனர்களில் கணிசமானோர் தங்களை அந்த ஆளுக்கும் கீழே வைத்திருந்தார்கள்.

அருமையான உத்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளிலும் இது இடம்பெற்றது. ஆனால் இது நிற்பது ஓர் அனுமானத்தின் மேல். அடுத்தவரை அளக்கும் அதே கோலால்தான் ஒருவர் தன்னையும் அளந்துகொள்கிறார் என்பதே அந்த அனுமானம். சிங்கூரில் 1944இல் யாராவது இப்படியொரு கதையைச் சொல்லியிருந்தால், பசியோடும் இருமலோடும் வேலை செய்யும் பக்கத்து ஊர் விதவையைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில், 'ஐயோ பாவம், அவளுக்கு உடம்பு சரியில்லை' என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கக்கூடும். பிறகு, உனக்கு எப்படியம்மா என்று கேட்டால், எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார்கள்.